வேறு சபைக்குப் போகிறவர்கள்

"ஆரெல்லாம் கை தூக்கினினும்?" என்று கேட்டாள் ஜெயபாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து, அதற்குப் பின்னால் கமிட்டியும் முடிந்து, ஞானசிகாமணி வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்திருந்தார். மேசையில் சோறு இருந்தது, அவியல் இருந்தது. கோழிக்கறிச் சட்டி மட்டும் ஜெயபாயின் பக்கம் இருந்தது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும்தான்" என்றார்.

"எல்லாரும்னா?"

"கமிட்டி முழுக்க."

"அந்தக் கமிட்டியில நீங்களும் உண்டில்லியா?"

ஞானசிகாமணி ஒரு பப்படத்தை எடுத்து நொறுக்கினார். எதிரே அவருடைய மகள் ஷிஜா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பின்ன எல்லாரும் தூக்கும்போ நான் மட்டும் கையைக் கீழ வச்சிருந்தா என்ன நினைப்பினும்? எனக்க பிள்ளைக்கு வேண்டி நிக்கியேன்னு நினைக்கமாட்டினுமா?"

"உங்க பிள்ளதானே?" என்றாள் ஜெயபாய். கரண்டியை விட்டு ஒரே ஒரு துண்டு எடுத்து அவர் சோற்றில் வைத்தாள். கோழியின் கழுத்து.

விஷயம் இதுதான். பாறசாலைக்குக் கிழக்கே உள்ள அயனிவிளை சபைக்கு ஒரு கல்வி நிதி உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் இரண்டு பேரை ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்கு அனுப்பும். ஒரு வருடப் பீசும் ஹாஸ்டலும் சபைச் செலவு. யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கச் சபை ஹாலில் ஒரு பரீட்சை வைப்பார்கள். இந்த ஆண்டு அதில் முதலாவது வந்தவள் ஷிஜா. அவளுக்குக் கால்நடை டாக்டராக வேண்டும். மனுச டாக்டர் ஆகாமல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எதற்கு என்று கேட்டவர்களிடம், ஆடு பொய் சொல்லாது என்று பதில் சொல்லியிருந்தாள். இந்த ஆண்டு போகாவிட்டால் பாறசாலையில் ஏதாவது ஒரு பி.காமில் சேர்த்துவிடுவதாக வீட்டில் பேச்சு. அதற்கு மேல் ஒரு வருடம் சும்மா இருக்க வைக்கும் வசதி, மிக்சி கிரைண்டர் ரிப்பேர் கடை நடத்தும் ஞானசிகாமணிக்கு இல்லை.

கமிட்டியில் பரீட்சை முடிவை வாசித்த செக்ரட்டரி பொன்னுதாஸ், முதல் பேரை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். மனசில் கெட்ட எண்ணம் உள்ள மனிதர் அல்ல. வருத்தத்தோடுதான் பேசினார். பெண்பிள்ளை நாளைக்குக் கெட்டிப் போகும். கெட்டிப் போனால் பேரை வெட்டி மாப்பிள்ளையின் சபையில் சேர்ப்பார்கள். அது மிஷனரி காலத்திலிருந்தே உள்ள நடைமுறை. அப்படியிருக்க, அயனிவிளைக்காரன் காணிக்கை போட்ட காசில் வேறு ஏதோ ஒரு சபைக்கு டாக்டர் உண்டாக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டதில் தவறு இருப்பதாகக் கமிட்டிக்குத் தோன்றவில்லை. எல்லோரும் ஆண்கள், ஒருவரும் கெட்டி எங்கேயும் போனவர்கள் இல்லை. பட்டியலில் இறங்கி வந்து அஜீஷையும் வினீத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். வினீத் பொன்னுதாஸின் மகன். போன ஆண்டும் இதே நிதியில்தான் கோச்சிங் போனான். ஆனாலும் சபைக்கு அவன்மேல் நம்பிக்கை போகவில்லை.

"முன்னால இந்தக் காசை வாங்கினவங்க எல்லாம் இப்ப எங்க இருக்கினும், அப்பா?" என்று கேட்டாள் ஷிஜா.

ஞானசிகாமணி நினைத்துப் பார்த்தார். "ஒருத்தன் கானடாவில. ஒருத்தன் கத்தார்ல. பிறகு டெய்சன்... அவன் நெய்யாத்துல முங்கி பெந்தெகொஸ்தே ஆயிட்டான்."

"அவ்வளவுதானா?"

"கழுத்துல ஒண்ணும் இல்ல, வேற துண்டு போடு" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. அவள் சட்டியை அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் பொன்னுதாஸ் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கூட அவர் மனைவி ரத்னபாய் டீச்சரும் வந்திருந்தாள். ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். எதிராகத் தீர்மானம் போட்ட வீட்டுக்குப் பழத்தோடு வருகிற செக்ரட்டரியை ஞானசிகாமணி அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"எனக்கு அண்ணைக்கு ராத்திரி உறக்கமே வரல்ல கேட்டேரா" என்றார் பொன்னுதாஸ். "ஒண்ணாவது வந்த பிள்ளையை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு உண்டா? பிள்ள வேற சபைக்குப் போவும்ங்கிறதுதானே பிரச்சினை? போவாதவண்ணம் பண்ணினா போராதா?"

"அது எப்பிடி?"

"நம்ம வினீத்துக்கு உங்க பிள்ளையைப் பேசி வைப்போம். கெட்டு படிப்பு முடிஞ்சபிறகு போரும். இப்ப ஒரு பேச்சு மட்டும். பிள்ள சபைக்குள்ளயே இருக்கும்னு நான் கமிட்டியில சொல்லுவேன். ரெண்டு பேரும் ஒரே பாட்ச்சுல போவட்டு. அஜீஷுக்க காரியம் நான் பேசிக்கிடுகேன்."

ஞானசிகாமணிக்கு உடம்பு லேசானது போல இருந்தது. கோச்சிங்கும் ஆயிற்று, மாப்பிள்ளையும் ஆயிற்று, கமிட்டியின் தீர்மானமும் கெடவில்லை. தன் ஆயுசில் இவ்வளவு காரியம் ஒரே சாயங்காலத்தில் நடந்ததில்லை என்று நினைத்தார். சத்தியமாகச் சந்தோஷப்பட்டார்.

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று தொடர்ந்தார் பொன்னுதாஸ். "உங்களுக்கு ஒரே பிள்ள. கோச்சிங்குக்குச் சபை காசு குடுத்துட்டா, உங்க கையில உள்ளது அப்பிடியே இருக்கும். அதை உங்க பிள்ளைக்குச் செய்யும்போ வேண்டாம்னு தடுக்க நான் ஆரு?"

அடுக்களையில் ஜெயபாய் தேயிலை போட்டுக்கொண்டிருந்தாள். ரத்னபாய் டீச்சர் அவளோடு நின்று, அம்பூரியில் மழை எப்படி என்று விசாரித்தாள். டீச்சர் ஒற்றசேகரமங்கலத்துக்காரி, ஜெயபாய் அம்பூரிக்காரி. இரண்டும் மலையோரம் என்பதால் அவர்கள் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

தேயிலையைக் கொண்டுவந்து வைத்தவள் ஷிஜா. வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அங்கிள், வினீத் அண்ணன் என்ட்ரன்ஸ் பாசானா எங்க போவும்?"

"எங்க கிட்டுதோ அங்க" என்றார் பொன்னுதாஸ் பிரியமாக. "கோழிக்கோடோ பாண்டிச்சேரியோ. அது முடிஞ்சா ஜெர்மனிக்குப் போணும்னு அவனுக்கு ஒரு ஆசை உண்டு."

"அப்ப நான்?"

"நீயும் கூடப் போவ. மாப்பிள்ள போற எடத்துக்குத்தானே மக்கா."

"அப்ப ரெண்டு பேரும் சபையில இருக்கமாட்டோம்."

"பேரு இருக்கும்லா. பேருதானே காரியம்."

ஷிஜா தலையாட்டினாள். புரிந்துகொண்ட பிள்ளையின் தலையாட்டல் என்று பொன்னுதாஸ் எடுத்துக்கொண்டார். இரண்டு மடக்கில் தேயிலையைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி கேட்டுப் புறப்பட்டார்.

அவர்கள் போனபிறகு ஞானசிகாமணி மெதுவாகத் தொடங்கினார். "யோசிச்சுப் பாத்தா மோசமில்ல."

"உங்க கடைக்கு ஒருத்தி மிக்சி நன்னாக்கக் கொண்டுவந்தா, கூட ஒரு கிரைண்டரையும் எடுத்தாத்தான் நன்னாக்கித் தருவேன்னு சொல்லுவியளா?" என்றாள் ஜெயபாய்.

"சொல்லமாட்டேன்."

"அதாக்கும்" என்றாள். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் யாரிடமோ போனில் நிறையப் பேசினாள். அம்பூரியில் உள்ள தன் ஆங்ஙளையிடமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அண்ணன் தங்கை பேசிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "அச்சனைப் பாக்கணும், வாருங்க" என்றாள். கெஞ்சத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர் எண்ணினார். கெஞ்சுவது அவருக்கும் சம்மதமே. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு போனார். ஷிஜாவும் வந்தாள்.

சபைப் போதகரான அச்சன் இளைஞர், அயனிவிளைக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. ஜெயபாய் ஒரு தாளை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு மலர்ந்தார்.

"சபை மாற்றக் கடிதமா? ஆருக்குக் கல்யாணம்?"

"ஆருக்கும் இல்ல அச்சா."

அச்சனின் முகத்தில் சிரிப்பு நின்றபடி நின்றது. ஒரு பெண் கல்யாணம் இல்லாமல் சபை மாறியதாக அவர் படித்த எந்தச் செமினாரியிலும் சொல்லித்தந்ததில்லை. தாளை மறுபடியும் வாசித்தார். "அம்பூரிக்கு. அது நீங்க பிறந்த சபையில்லியா?"

"ஆமா. திரும்பிப் போறேன். பிள்ளையும் கூட வாறா."

"வீட்டில ஏதாவது..." என்று அச்சன் ஞானசிகாமணியைக் கவலையோடு பார்த்தார்.

"வீட்டுல ஒண்ணுமில்ல. சமையலும் கிடப்பும் எல்லாம் இங்க வீட்டுலதான். ஆராதனைக்கு மட்டும் பஸ் ஏறுவோம்."

"பின்ன காரணம்னு நான் என்ன எழுதுவேன்?"

"படிப்புன்னு எழுதுங்க. ஒரு சபைக்க காசுல வேற சபைக்கு ஆள் உண்டாக்கப்பிடாதுன்னு கமிட்டி தீருமானிச்சிருக்கு. எனக்கும் அது ஞாயம்னு பட்டுது." ஜெயபாய் குரலை உயர்த்தவில்லை. அவள் ஒரு ஸ்கேனிங் சென்டரில் லேப் டெக்னீஷியன். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிற அதே குரல்தான். "என்னை லேப் டெக்னீஷியனுக்குப் படிப்பிச்சது அம்பூரி சபையாக்கும். ரப்பர் வெட்டுகவங்க சேத்த காசு. கெட்டி இங்க வந்தபிறகு எனக்க சம்பளத்துல தசமபாகம் முழுக்க இந்தச் சபையிலதான் போட்டேன். அது தப்புன்னு இப்பதான் தெரிஞ்சுது. இனி அங்க போடுகேன்."

அச்சன் தாளை மேசைமேல் வைத்து நீவினார்.

"பிள்ளைக்குக் கோச்சிங் பீசு அவங்க கெட்டுவினும். பேரு அங்க இருந்தாப் போரும். எங்க பெண்ணுக்க மக எங்க பிள்ளதான்னு சொன்னினும்."

"ஞானசிகாமணிக்குச் சம்மதமா?" என்று கேட்டார் அச்சன்.

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல ஞானசிகாமணியின் வாய் திறந்தது. அது அவருடைய வழக்கம். ஆனால் ஜெயபாயின் சம்பளம் நினைவுக்கு வந்தது. இருபது வருடமாக மாதம் பிறந்தால் தன் வீட்டுக்குள் வந்த சம்பளம் அது. கடைக்கு வாடகை முடங்கிய மாதங்களில் அதுதான் சோறு. அதை யாருடைய காசு உண்டாக்கியது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அன்று கோழியின் கழுத்து கிடைத்தது கூட அதிகம் என்று அப்போது தோன்றியது. வெட்கமாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை.

"அவளுக்க பேருல்லா அச்சா" என்றார். "அவ கொண்டுபோவட்டு."

ஜூன் மாதம் ஷிஜா பெட்டியோடு திருவனந்தபுரம் போனாள். ஞாயிறுதோறும் காலையில் ஜெயபாய் குடையும் வேதப்புத்தகமுமாய் அம்பூரி பஸ்ஸில் ஏறினாள். ஞானசிகாமணி தனியாக அயனிவிளையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார். புருசன் ஒரு சபை, பெஞ்சாதி ஒரு சபை என்றால் குடும்பம் கலைந்துவிட்டதாக ஊரில் அர்த்தம். அதனால் பலர் அவரிடம் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று இரக்கத்தோடு விசாரித்தார்கள். வீட்டில்தான் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அடுத்த கமிட்டியில் பொன்னுதாஸ் தெம்பாக இருந்தார். பெண்கள் சபையில் நிலைக்கமாட்டார்கள் என்று தான் அன்றைக்கே சொன்னதாகவும், ஞானசிகாமணி வீட்டில் கல்யாணம் ஆகும்வரை கூடப் பொறுக்கவில்லை என்றும் நினைவூட்டினார். ஒரு ஆளுக்கு இரண்டு ஆளாகப் போய்விட்டார்கள். இதைவிடத் தெளிவு வேண்டுமா? ஆகவே கல்வி நிதி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்பதைச் சபையின் நிரந்தரச் சட்டமாகவே எழுதிவிடலாம் என்றார். இரண்டு மூன்று பேர் அதுவும் சரிதான் என்றார்கள்.

"எழுதுகதுக்கு முன்ன ஒரு காரியம் கேக்கட்டா?" என்றார் ஞானசிகாமணி. அவர் கமிட்டியில் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரத்னபாய் டீச்சர் ஏது சபை?"

"ஒற்றசேகரமங்கலம்" என்றார் பொன்னுதாஸ். "அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலம் எனக்க வீட்டுக்கு வந்தாவ. உங்க மக லிஜிக்கு அடுத்த வருசம் பிளஸ் டூ முடியுமாம். ஒற்றசேகரமங்கலத்துல பெண்பிள்ளையளுக்கும் குடுக்குவினுமாம். அச்சனுக்குச் சபை மாற்றக் கடிதாசி எப்பிடி எழுதணும்னு ஜெயபாய்கிட்ட கேட்டுட்டுப் போனாவ. உங்ககிட்ட சொல்லியிருப்பாவன்னு நினைச்சேன்."

கமிட்டியில் ஒவ்வொருவரும் தத்தம் மனைவி எந்தச் சபையிலிருந்து வந்தவள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.