பார்வோனுக்கு ஞானஸ்நானம்

“அவனேதான்யா! முன்னாடி உக்காந்து ரெண்டு கையையும் தூக்கிட்டு அழுகுறான் பாரு. உன் பார்வோன்!”

மோகனப்ரியா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த அந்தத் தகரக் கொட்டகைச் சபையின் வாசலில் நின்றபடியே கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாரிமுத்து எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிடரியை அவன் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவான். ஷிப்டுக்கு ஷிப்டு அதன் பின்னாலேயே நடந்துபோய் மெஷினில் நின்றவன். “அசோக்குமார்தான்,” என்றான். சொல்லும்போதே அவனுடைய வலது கை பேண்ட் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து பிரஸ் இறங்கும். கைகள் பட்டனில் இருக்கும்வரை உள்ளே மாட்டாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் சூப்பர்வைசர் அசோக்குமார் ஷிப்டு தொடங்கும்போதே ஒரு பட்டனை அமுக்கி, எழாதபடி டேப் போட்டு ஒட்டிவிடுவான். ஒரு கை தகட்டை உள்ளே வைக்கும், மறு கை பட்டனைத் தட்டும். எல்லா மெஷினிலும் அதே கதைதான். மாரிமுத்துவின் விரல்கள் போன அன்று, தரையில் ரத்தம் காயும் முன்பே மற்ற மெஷின்களில் எல்லாம் டேப் கிழிக்கப்பட்டிருந்தது. விசாரணையில் மேனேஜர் கேட்டபோது அசோக்குமார் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. “இவனேதான் ஒட்டிக்கினான் சார். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல.” கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் யாரைப் பிடித்து உலுக்குவான்? வேலை போனது. இப்போது ஒரு குடோன் வாசலில் லாரிக்குக் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். விரல் போனதைக்கூட ஜீரணித்துவிட்டான். ‘இவனேதான் ஒட்டிக்கினான்’ என்பதை மட்டும் முடியவில்லை. சோற்றைப் பிசையும்போதெல்லாம் அது வந்து தட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

மாரிமுத்துவைச் சபைக்குள் இழுத்ததே பார்வோன் கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்தலுக்காக ஒரு நாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாஸ்டர் ஆனந்த் முன்பு டெம்போ ஓட்டியவர். இஸ்ரவேலர் கதையை இதோ இந்தக் கம்பெனிகளில் நடந்த மாதிரியே சொன்னார். “எகிப்து ராஜா பார்வோனுக்குச் செங்கல் அறுக்கணும், ஆனா வைக்கோல் தரமாட்டான். எண்ணிக்கை மட்டும் கொறையவே கூடாது. டார்கெட்டு, பிரதர்! அந்த அடிமைங்களத்தான் தேவன் வெளிய கூட்டிக்கினு வந்தார். சாவு தாண்டிப் போவ அவங்க கதவுல பூசின ரத்தம் யாரோடது? ஆட்டுக்குட்டியோடது. அந்த ஆட்டுக்குட்டிதான் இயேசு. எகிப்துன்னா நம்ம பாவம். பார்வோன்னா நம்மள விடாத பிசாசு. அவங்க தாண்டுன செங்கடல்தான் ஞானஸ்நானம். எறங்கறப்ப அடிமை, கரை ஏர்றப்ப விடுதலை!”

மாரிமுத்துவுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் பாவம் என்ற இடத்தில் அவன் மனசு கம்பெனியைப் போட்டுக்கொண்டது. பிசாசு என்ற இடத்தில் அசோக்குமாரை. குதிரையும் தேருமாகத் துரத்தி வந்தவனைத் தண்ணீர் மூடியது என்று கேட்டபோது அவன் எழுந்தே நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் மோகனப்ரியாவிடம் சொன்னான்: “ஊருக்குப் போயி அம்மன் கோயில்ல காசு வெட்டிப் போட்டு அவனுக்குச் சாபம் விடணும்னு சொன்னேல்ல? வேணாம். இந்தச் சாமி அதவிட வேகம். ஆளோட சேத்து வண்டியையும் முக்கிருக்கு.”

அப்படித்தான் பாரூர் ஏரியில் ஞானஸ்நான முழுக்கு எடுத்தான். நேர்ச்சைக்கு மொட்டை போடுகிற அதே நம்பிக்கை. தண்ணீரிலிருந்து எழுந்ததும் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், கண்ணைத் துடைப்பார்கள். இவன் திரும்பி ஏரியைப் பார்த்தான். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பழைய கம்பெனி திருமலைக்குப் போன் போட்டான்.

“அண்ணே, அசோக்குமாருக்கு ஏதும் ஆச்சா?”

“ஆச்சே. உனக்கு எப்பிடித் தெரியும்?”

“என்னண்ணே ஆச்சு?”

“ஷிப்ட் இன்சார்ஜ் ஆயிட்டாரு. புது காரு வேற. பூச போட்டு லட்டு குட்த்தாரு.”

மோகனப்ரியா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. “காசு வெட்டிப் போட்டிருந்தா இந்நேரம் காலு வெளங்காமப் போயிருப்பான். நீ லட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்க.”

இருந்தும் மாரிமுத்து விடவில்லை. வாராவாரம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்புச் சொல்லும் நேரத்தில், “என்னைய ஒடுக்குன பார்வோன் விழணும்” என்பான். பெயர் சொன்னதில்லை. சபையே கண்ணை மூடிக்கொண்டு பார்வோனை வீழ்த்தும்.

இன்றும் அதே குறிப்பைத்தான் சொன்னான். குரல் மட்டும் கூடுதலாகக் கனத்திருந்தது. முன் வரிசையில் அந்தப் பிடரி மெல்லத் திரும்பியது. அசோக்குமார் அவனைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்தினான். “ஆமென்” என்று எல்லோரும் முழங்கியபோது அந்த வாயும் அசைந்தது.

பிறகு முழுக்குக் கேட்டு அசோக்குமார் சாட்சி சொல்ல எழுந்தான். சர்க்கரை ஏறியதையும், பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதையும், தூக்கம் கெட்டதையும் சொல்லிச் சொல்லி அழுதான். “நான் பெரிய பாவிங்க” என்றான். என்ன பாவம் என்று சொல்லவில்லை. டேப் என்ற வார்த்தை வரவே இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மோகனப்ரியாவின் பார்வை மாரிமுத்துவின் முகத்திலேயே குத்தி நின்றது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். முழுக்குக் கேட்பவர் சாட்சி சொன்னதும் பாஸ்டர், “யாருக்காவது தடை இருக்குதா?” என்று கேட்பார். யாராவது கை தூக்கிவிட்டால் விஷயம் தீர்கிறவரை முழுக்குக் கிடையாது. இதுவரை யாரும் தூக்கியதில்லை. இன்று ஒரு கை எழுந்தது. மூன்று விரல் கை.

நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி போகும் சத்தம் மட்டும் தகரத்தை அதிர வைத்தது. அசோக்குமாரின் முகம் வெளுப்பதை மாரிமுத்து நிதானமாகப் பார்த்தான். இவ்வளவு நாளில் வயிறு நிறைந்த ஒரே நொடி அதுதான்.

“சொல்லுங்க பிரதர்,” என்றார் பாஸ்டர்.

“தடை இல்ல பாஸ்டர். தண்ணியில அவரப் பிடிக்க ஒரு ஆளு வேணும்ல? நான் பிடிக்கிறேன்.”

“அல்லேலூயா!” என்றார் பாஸ்டர், கண் கலங்க.

வெளியே வந்ததும் மோகனப்ரியா எரிந்து விழுந்தாள். “வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாறியிருப்பான்ல? அம்புட்டுப் பேரு முன்னாடி!”

“சொன்னா அழுவான். மன்னிச்சிருங்கன்னு காலுல விழுவான். எல்லாரும் சேந்து என்னையக் கட்டிப்பிடிக்கச் சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம்.”

“வேற என்ன வேணும்?”

“அவன் முங்கணும்.”

அவள் அவனையே பார்த்தாள். “முக்கிட்டு?” என்று மட்டும் கேட்டாள். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வேன் பிடித்துப் பாரூர் போனார்கள். ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் பெண்கள் கை தட்டிப் பாட, வெள்ளை உடுப்பில் அசோக்குமார் இறங்கினான். சேறு வழுக்கியது. இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாஸ்டர், இன்னொரு பக்கம் மாரிமுத்து. கம்பெனியில் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிற ஆள் இப்போது அந்த மூன்று விரல் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“மாரிமுத்து... எனக்கு நீச்சல் தெரியாதுப்பா. வுட்றாத,” என்றான் மெதுவாக.

பாஸ்டர் கரையைப் பார்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். “பழைய மனுஷன் இந்தத் தண்ணியிலயே சாவறான்! மேல வர்றவன் வேற ஆளு. அவன்மேல ஒரு பழியும் கெடையாது!”

மாரிமுத்துவுக்குச் சுரீர் என்றது. பழைய ஆள் செத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? வேற ஆளாக ஏறி, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, புது காரில் ஏறிப் போய்விடுவானா? அப்படியானால் ‘இவனேதான் ஒட்டிக்கினான்’ மட்டும் யார் மீதும் இல்லாமல், காலத்துக்கும் தன் மேலேயே கிடக்குமா? அசோக்குமாரின் காதருகே குனிந்தான்.

“டேப்ப யாரு ஒட்டுனது?”

அசோக்குமாரின் பற்கள் கிட்டித்தன. கரையைப் பார்த்தான். பாஸ்டரைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான்.

“மேல வந்து சொல்றன்,” என்றான். “எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றன். சத்தியமா.”

நிஜமாகச் சொன்னானா, பயத்தில் சொன்னானா? மேனேஜர் முன்னால் தடுமாறாமல் பொய் சொன்ன அதே வாய். ஆனால் இந்த மாதிரி நடுங்கி மாரிமுத்து அதைப் பார்த்ததே இல்லை. யோசிக்க நேரம் இல்லை. பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி முடித்து மார்பில் கை வைத்து அழுத்தினார். மாரிமுத்துவும் அழுத்தினான். அசோக்குமார் மல்லாக்கச் சரிந்தான். தண்ணீர் முகத்தை மூடியது. கலங்கிய பச்சையின் அடியில் கண்கள் திறந்திருந்தன, அவனையே பார்த்தபடி.

பாஸ்டர் தூக்குவதற்காகக் கையைத் தோளுக்கடியில் கொடுத்தார். ஆள் எழவில்லை. “பிரதர்?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

கரையில் மோகனப்ரியா கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்த, பாட்டு ஒவ்வொரு தொண்டையாக அறுந்தது. தண்ணீருக்குள் அசோக்குமாரின் வெள்ளைச் சட்டை ஊதிப் பரந்தது. வாயிலிருந்து குமிழிகள் வந்து, மாரிமுத்துவின் விரலில்லாத இடத்தின் வழியாக மேலேறி ஒவ்வொன்றாக உடைந்தன. அவன் கை இன்னும் அந்த நெஞ்சின் மேலேயே இருந்தது.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் நின்றால் நீங்கள் கையை எடுப்பீர்களா?