முள்ளம்பன்றி ஜெயிக்கும் என்றார் லோரி அங்கிள்

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் லோரி அங்கிளைத் தெரியாத ஆள் இல்லை. பார்த்த ஆள்தான் இல்லை.

தினமும் விடிகாலையில் அவருடைய டெலிகிராம் சேனலில் ஒரு பதிவு வந்துவிடும். அமெரிக்காவில் கல்லூரிப் பையன்கள் ஆடும் கூடைப்பந்தில் அன்றைக்கு எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்வார். அங்கே இரவில் ஆடுகிற ஆட்டம் நமக்குக் காலையில் வரும் என்பதால், பசியாறிக்கொண்டே பார்த்துவிடலாம். அணிகளின் பெயரை அவர் இங்கிலீஷில் எழுத மாட்டார். அணிச் சின்னத்தைப் பார்த்து, கழுகு, காட்டெருமை, முள்ளம்பன்றி என்று மிருகக்காட்சிசாலைக் கணக்கில்தான் எழுதுவார். அதற்குக் கீழே வீட்டு நடப்பு: முழங்கால் குத்துகிறது, பப்பாளி பூத்திருக்கிறது, பக்கத்து வீட்டுச் சேவல் தூங்க விடவில்லை, ரோசலினுக்கு இளைப்பு, இன்றைக்கு நானே ரசம் வைத்தேன். ரோசலின் அவருடைய மனைவி. முப்பது வருடம் லோரி ஓட்டிவிட்டு ரிட்டையரான மனிதர், மனைவியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் எழுதியதில்லை.

உண்மையில் லோரி அங்கிளுக்கு வயது பத்தொன்பது. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. பெயர் பெர்னிஸ்.

பெர்னிஸ் பாரம் நான்கோடு, பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு தேர்வு வைத்தார்கள். வணக்கம் என்று தொடங்கியவள் அந்த வணக்கத்தோடேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா கேத்தரினின் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடையில் பொட்டலம் மடிப்பதுதான் வேலை. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் நிற்கிற வளைவில், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை. முட்டை வேணுமா, காரச் சம்பால் கூட வேணுமா என்பதையெல்லாம் பெர்னிஸ் புருவத்தாலேயே கேட்பாள். காசு வாங்கும்போது மட்டும் தலையாட்டுவாள். கைபேசியைச் சம்பால் சட்டிமேல் சாய்த்து வைத்துக் கூடைப்பந்து பார்க்கப் பழகியவள், பார்த்துப் பார்த்து அணிகளின் நெளிவுசுளிவெல்லாம் பிடித்துக்கொண்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் சொன்னால் யார் கேட்பார்கள்? ரிட்டையரான லோரி டிரைவர் சொன்னால் துறைமுகமே கேட்கும்.

கேட்டது. ஆனால் வேறு காதால் கேட்டது.

ஒருநாள் லோரி அங்கிள், சேவல் 4.37க்குக் கூவியது, என் ஒன்பதாம் நம்பர் செருப்பைக் கழற்றி எறிந்தேன் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் 4379க்கு இரண்டாம் பரிசு விழுந்தது. எதிர்ப்பக்கம் ரொட்டி சானாய் போடும் லோகன் அதை வாங்கியிருந்தான். அவன் போட்ட கூச்சல் கிள்ளான் வரைக்கும் கேட்டது. அன்றோடு சேனலில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒருத்தருக்கும் கூடைப்பந்து வேண்டியிருக்கவில்லை. ரோசலினின் இரத்த அழுத்தம் எவ்வளவு, பப்பாளி எத்தனை காய்த்தது, அங்கிள் எந்தப் பஸ்ஸில் ஏறினார் என்று நம்பருக்காகவே வீட்டு நடப்பைத் துருவினார்கள்.

பெர்னிஸுக்குக் கோபமான கோபம். யாருமே நம்பாத காட்டெருமை அணி ஜெயிக்கும் என்று அவள் சொல்லி, அதுவும் ஜெயித்து வந்தால், கீழே ஒருவர் கேட்கிறார்: "அங்கிள், ஆன்டிக்கு எத்தனை மாத்திரை?" அவள் எண்களே இல்லாமல் எழுதிப் பார்த்தாள். "அங்கிள் மூணு தடவ ஐயோன்னு சொல்லிருக்காரு, மொத நம்பர் மூணு" என்று பிடித்துக்கொண்டார்கள்.

இவர்கள் ஆட்டத்தைப் படிக்கிறார்களா இல்லையா என்று பார்த்துவிடலாம் என ஒரு நாள் அவளுக்குக் குறும்பு தோன்றியது. அந்தப் பருவத்தில் தோற்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு சின்ன மலையூர்க் கல்லூரியின் முள்ளம்பன்றி அணி, மறுநாள் முதலிடத்தில் இருந்த கழுகு அணியோடு மோதவிருந்தது. லோரி அங்கிள் எழுதினார்: "மக்களே, நாளைக்கு முள்ளம்பன்றிதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன்."

எதிர்பார்த்தபடி ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர.

"லோகன்!" என்று கேத்தரின் மரத்தடியிலிருந்து கூவினாள். "நாளைக்கு முள்ளம்பன்றி ஜெயிக்குதாம் பாத்தியா?"

"அந்தப் பந்து கதையெல்லாம் யாருக்கா படிப்பா?" என்றான் லோகன், மாவை வீசிக்கொண்டே. அவன் இருந்த பக்கம் காலை வெயில் நேராக அடிக்கும். ஒரு கிழிந்த பெரிய குடைதான் அவனுக்குக் கூரை. "அங்கிளுக்கு நம்பர்தான் தெரியும். பந்து தெரியாது லா."

"அவருக்கா தெரியாது? பொண்டாட்டிய ஒரு வார்த்த கரிச்சுக் கொட்டாத மனுஷன்டா. அப்பேர்ப்பட்டவன் வாயில பொய் வராது."

"அவ்ளோ நம்பிக்கையா? அப்பப் பந்தயம் வைங்க. முள்ளம்பன்றி தோத்தா, இந்த மரத்தடி எனக்கு. ஜெயிச்சா, ஈஸ்டர் வரைக்கும் ஒங்க சட்டிப் பானையெல்லாம் நான் கழுவறேன்."

லோரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகுமாறன் உடனே நடுவர் ஆனான். "நான் சாட்சி. பேச்சு மாறக்கூடாது, ரெண்டு பேரும்."

"வச்சாச்சுடா!" என்றாள் கேத்தரின்.

பெர்னிஸின் கையிலிருந்த பொட்டலம் பிரிந்து நெத்திலி கொட்டியது.

அந்த வளைவில் யாரிடமும் உரிமப் பத்திரம் கிடையாது. எவர் எங்கே நாள் தவறாமல் நிற்கிறாரோ, அந்த இடம் அவருடையது. வாய்ச்சொல்தான் பட்டா. பெர்னிஸின் அப்பா ஜோகூருக்கு லோரி ஓட்டப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வருடம் அம்மா பிடித்த இடம் அது. நிழல் போனால் தேங்காய்ப்பால் சோறு காலையிலேயே புளித்துப் போகும். லோரிக்காரர்களும் வெயிலில் நின்று சாப்பிட மாட்டார்கள்.

மத்தியானமே லோரி அங்கிள் திருத்தம் வெளியிட்டார்: "மக்களே, கண்ணாடி போடாமல் எழுதிவிட்டேன். நாளைக்குக் கழுகுதான் ஜெயிக்கும்."

"கண்ணாடி பாக்க எட்டு மாரி இருக்கும்" என்று கீழே ஒருவர் எழுதினார். இருநூறு பேர் நன்றி சொன்னார்கள்.

கேத்தரினோ கைபேசியைத் தள்ளி வைத்தாள். "இது அவர் எழுதுனதில்ல. அந்த ரோசலின் எழுத வச்சிருக்கா. புருஷன் தைரியமா ஒண்ணு சொன்னா பொம்பளைங்களுக்குப் பொறுக்காது."

வேறு வழி இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாள் பெர்னிஸ். பள்ளிக்கூடத்து வணக்கம் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"மா. லோரி அங்கிள் நான்தான்."

கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெங்காயக் கண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினாள். "நீயா? முட்ட வேணுமான்னு கேக்க ஒனக்கு வாய் வராது. நீ லோரி ஓட்டுனியா? ரோசலினக் கட்டிக்கிட்டது யாரு, நீயா?"

"மெய்தான் மா. முள்ளம்பன்றி தோத்துரும். பந்தயத்த விட்ருங்க."

"பயந்தாங்கொள்ளி. போ, பாத்திரத்தக் கழுவு. நாளையிலேர்ந்து லோகன் கழுவுவான்."

மறுநாள் காலை சம்பால் சட்டிமேல் கைபேசி சாய்ந்தது. லோகன் கல்லை அணைத்துவிட்டு வந்தான். சுகுமாறன் லோரியை ஓரங்கட்டிவிட்டு வந்தான். முள்ளம்பன்றிப் பையன்களுக்கு அன்றைக்கு என்ன பேய் பிடித்ததோ, எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுந்தது. பாதி ஆட்டத்தில் அவர்கள்தான் முன்னால். கேத்தரின் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். "சட்டியில அடி புடிச்சிருக்கு லோகன், நல்லாத் தேய்க்கணும்!"

பெர்னிஸுக்குக்கூட ஒரு கணம் சந்தேகம் வந்தது. பொய்யாகச் சொன்னது பலித்துவிடுமோ? ஆனால் பலகையில் புள்ளி இருந்தாலும் பையன்களின் காலில் தெம்பு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மாற்றுவதற்கு அவர்களுக்கு ஆளும் இல்லை. அவள் நினைத்தது போலவே இரண்டாம் பாதியில் கழுகுகள் வந்து கொத்தின. முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் பார்க்கவே பாவமாக இருந்தது.

சுகுமாறன் தொண்டையைச் செருமினான். "அக்கா... பேச்சு பேச்சுதான்."

"தெரியும்டா" என்றாள் கேத்தரின். "நாளைக்கு மாறிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பிடவில்லை. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்னிஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்தாள். கட்டைவிரல்கள் ஓடின. சற்று நேரத்தில் கேத்தரினின் கைபேசி ஒலித்தது.

"மக்களே, முள்ளம்பன்றி என் மானத்தை வாங்கிவிட்டது. மன்னியுங்கள். சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. மொட்டை வெயிலில் ஒருவன் ரொட்டி வீசிக்கொண்டிருந்தான். தலைக்குமேல் மரமில்லை, குடையில்லை. அவன் முதுகில் நான்கு நம்பர். ஒன்றுதான் தெரிந்தது: ஆறு. மற்ற மூன்றும் என்னவென்று கேட்டேன். காலை வெயிலில் நிற்கிறவனுக்கு அதுவாகத் தெரியும், நிழலுக்குப் போனால் மறைந்துவிடும் என்றான். ரோசலின் எழுப்பிவிட்டாள்."

கேத்தரின் கைபேசியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடியும் கைபேசியைப் பார்த்தாள்.

"ரோசலின் இல்லியா?"

"இல்ல மா."

"பப்பாளி மரம்?"

"அதுவும் இல்ல."

"அடிப்பாவி, அவ இளைப்புக்கு நான் பூசையில மெழுவத்தி ஏத்துனேன்டி!" கேத்தரின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெர்னிஸுக்குப் புரியவில்லை. "ஒலகத்துல ஒரே ஒரு நல்ல ஆம்பள இருக்கான்னு நெனச்சேன். அவனும் நீதானா?"

மறுநாள் விடிந்ததும் கேத்தரின் சொன்ன சொல் தவறாமல் மேசை, சட்டி, குடை எல்லாவற்றையும் வெயில் பக்கம் கொண்டுபோனாள். லோகன் அங்கேயிருந்து அசையவில்லை. அவனுடைய கிழிந்த குடை மடக்கிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. நெற்றியில் வியர்வை, கண்ணில் பக்தி.

"என்னா தம்பி, இன்னும் மாறலியா?" என்றாள் கேத்தரின், ஒன்றும் தெரியாதவள் போல. "மரத்தடி ஒன்னுது."

"வேணாக்கா. நீங்களே வச்சுக்குங்க."

"அது எப்படி? பேச்சு பேச்சுதானே?"

"வெயிலு ஒடம்புக்கு நல்லதாம்க்கா. விட்டமின்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கையெடுத்துக் கும்புடறேன், மறைக்காதீங்க. வெயிலு படணும்."

கேத்தரின் சட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சோறு மடித்தார்கள். பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்த அடக்கிய சிரிப்பு வெகுநேரம் நிலைக்கவில்லை. முதல் லோரி வந்தது, ஆள் இறங்கி நேராக எதிர்ப்பக்கம் போனான். இரண்டாவது லோரி, அதுவும் அப்படியே. சுகுமாறன் வந்தான். மரத்தடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், லோகனுக்குப் பக்கத்தில் வெயிலைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். லோரி அங்கிளின் பதிவைப் படிக்காதவர் அந்த ஊரில் யார்? கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் திருவிழா ஆகிவிட்டது. இருபது முப்பது பேர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ரொட்டியைக் கையில் வைத்தபடி, ஒருவர் முதுகை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் குளுகுளுவென்று காற்று வீசியது. ஒரு காக்கைகூட இல்லை.

கேத்தரின் அடுக்கி வைத்த பொட்டலங்களைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"இது லோரி அங்கிள் கெளப்புன வெயில்" என்றாள். "லோரி அங்கிளே போயி வித்துட்டு வரட்டும்."

"மா... நானா?"

"ஆயிரம் பேர்கிட்ட கனவு சொல்லத் தெரியுது. முப்பது பேர்கிட்ட சோறு விக்கத் தெரியாதா?"

பெர்னிஸ் பொட்டலங்களைக் கூடையில் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாலையைக் கடப்பதற்குள் காது சூடானது. முப்பது முகங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"அண்ணே!" என்றாள் இரண்டாவது முறை. அது வெளியே கேட்டுவிட்டது. சுகுமாறன் திடுக்கிட்டுத் திரும்பினான். இத்தனை வருடத்தில் அவன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"நாசி லெமாக் அண்ணே, சூடா இருக்கு. வயிறு காலியா வெயில்ல நின்னா மயக்கந்தான் வரும், நம்பர் வராது."

கூட்டத்தில் ஒருவன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "அதுவும் சரிதான் லா" என்றான். "ஒண்ணு குடு தங்கச்சி. இல்ல, ஆறு குடு."