வரிசையில் கடைசி ஆள்

புகாரம்மா இறந்த அன்று அவள் வீட்டு ஹாலில் ஒரு பள்ளமும், படுக்கையறையில் பகலிலும் அணையாத ஒரு தெருவிளக்கும், சமையலறை அலமாரியில் ஒரு டப்பா சாக்கடை நாற்றமும், மாடிப்படியில் ஒரு போக்குவரத்து நெரிசலும் இருந்தன. மற்றபடி வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பள்ளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஊருக்குப் பழகிய பள்ளம்தான். வெளியூர்க்காரர்களை மட்டும் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போக வேண்டியிருந்தது.

நகராட்சியின் புகார்ப் பிரிவில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே அவள் தலை நரைத்தது. புகாரைக் கேட்பது அவள் வேலை. தீர்ப்பது வேறு பிரிவின் வேலை. அந்த வேறு பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்பது நகராட்சியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத் தெருப் பள்ளத்தில் அடிக்கடி விழுந்து எழுந்த பால்காரர் ஒருவர், ஒருநாள் விழுந்த கையோடு நேராகக் கவுண்டருக்கு வந்து, திட்டக்கூடத் தெம்பில்லாமல் அழுதுவிட்டார். நிதி அடுத்த வருஷம்தான் வரும் என்றார் மேலதிகாரி. அன்று சாயங்காலம் கைப்பை கனக்க வீட்டுக்கு வந்தவள், பையைத் திறந்து பள்ளத்தை எடுத்து ஹாலில் வைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடத் தெரு வழவழவென்று கிடந்தது. இது என்ன என்று கணவர் கேட்டதற்கு, "ஆபீஸ்ல முடியலங்க, வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்" என்றாள். வேலைக்குப் போகிற பெண்கள் செய்வதுதானே என்று அவரும் விட்டுவிட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அன்றிலிருந்து ஹாலைக் கடக்கும்போதெல்லாம் கையைக் காட்டிவிட்டுத்தான் பள்ளத்தைச் சுற்றித் திரும்பினார். அந்த வருஷம் நிதி வந்தது. ஆனால் பள்ளிக்கூடத் தெருவில் பள்ளமே இல்லை என்று பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டதால் வந்த நிதி வந்த வழியே போயிற்று.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உடைந்த குடிநீர்க் குழாய் ஒன்று குளியலறையில் மூன்று வருஷம் பீய்ச்சியடித்தது. சந்தைத் தெரு நாய்கள் கட்டிலுக்கடியில் குடியிருந்து, முதுமையில் நல்ல பெயரோடு செத்தன. தையல்காரர் வீட்டு வாசலில் குடலைப் பிடுங்கிய சாக்கடை நாற்றத்தை மூடி இறுக்கமான டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்திருந்தாள். சர்க்கரை என்று நினைத்து அதைத் திறந்த கணவர் அதன்பின் காப்பியே குடிக்கவில்லை. நாற்சந்தி நெரிசலைக் கொண்டுவந்தபோது வீட்டில் வேறு இடமில்லை, மாடிப்படியில் வைத்தாள். வண்டி எதுவும் கண்ணுக்குத் தெரியாது; ஹாரனும் புகையும் மட்டும்தான். ஆனால் சாயங்காலத்தில் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே மகளை அவள் குறையில்லாமல்தான் வளர்த்தாள். மகளை எல்லோரும் பாப்பா என்றார்கள். தலையில் நரை வந்த பிறகும் அப்படித்தான். அம்மா தெருவிளக்கு வெளிச்சத்தில் விரல்களை மடக்கிச் சுவரில் யானையும் முயலும் காட்டினாள். படிக்கட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டால் இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டை ஹாரன் சத்தம் இல்லாமல் சொல்ல பாப்பாவுக்கு இன்றுவரை வராது. குறை ஒன்றுதான்: அம்மா இருக்க மாட்டாள். ஆபீஸ் முடிந்தும் வரிசை முடியாது. விடுமுறை நாளில் வரிசை வீட்டுக்கே வரும். பள்ளி ஆண்டுவிழாவில் பாப்பா மரமாக நின்றாள். வசனமில்லாத மரம், அம்மா பார்ப்பதற்கென்றே அசையாமல் நின்றது. அம்மா வந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் பாப்பா நேராக நகராட்சிக்குப் போய், கொசுத் தொல்லைக்காரர் ஒருவருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கண்ணாடித் துவாரத்துக்கு எக்கி, "எங்க அம்மா வீட்ல இருக்கறதே இல்ல" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"பொறந்ததுலேருந்து."

"எந்தத் தெரு?"

"உங்க தெருதான்."

அம்மா சிரிக்கவில்லை. "பதிவாயிடுச்சும்மா. வரிசைப்படிதான் வரும். உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க, இங்க சிபாரிசுக்கெல்லாம் இடமில்ல" என்றாள். பின்னால் நின்றவரை, "அடுத்து நீங்க வாங்க சார்" என்று கூப்பிட்டாள். அன்று சாயங்காலம் கைப்பையிலிருந்து ஒரு மர நாற்காலியை எடுத்து ஹால் ஜன்னலோரம் போட்டாள். அதில் யாராலும் உட்கார முடியவில்லை. அப்பா உட்கார்ந்து பார்த்து வழுக்கி விழுந்தார், வந்த விருந்தாளிகள் விழுந்தார்கள். பூங்காவில் உடைந்த பெஞ்சைப் பற்றி யாரோ புகார் கொடுத்திருப்பார்கள் போல என்று பாப்பா நினைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. அப்பா ஒருநாள் கையைக் காட்டிவிட்டு, திரும்பாமலே போய்ச் சேர்ந்தார். பாப்பா கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி விற்கும் கடை வைத்து, மெத்தை வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஓய்வு பெற்றாள். கவுண்டர் ஜன்னலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒருவர் பக்கத்து வீட்டு ஆட்டுரலைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டு, "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறந்தாள். அவள் யோசிக்கிறாள் என்று நினைத்து அவர் மத்தியானம் வரை நின்றிருக்கிறார்.

நகராட்சி மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் இந்த ஊருக்கே தாய் என்றார். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாப்பா கணவரிடம், "ஊருக்கே தாய்னா அப்ப நான் யாரு, வார்டு மெம்பரா?" என்றாள். "மெதுவா பேசு, மைக் பக்கத்துல இருக்கு" என்றார் அவர். அவள் சொன்னது மண்டபம் முழுக்க ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தது.

வந்தவர்களுக்குத் துக்கம் உண்மைதான். அதோடு பயமும் இருந்தது. பால்காரர் பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பள்ளத்தை மட்டும் திருப்பி அனுப்பிடாத கண்ணு, எனக்கு இனிமே விழற வயசில்ல" என்றார். நகராட்சியிலிருந்து வந்த புதுப் பொறியாளர் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படியில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார். இறங்கி வந்து, எல்லாம் தனியார் இடத்தில் இருப்பதால் தங்கள் எல்லைக்குள் வராது என்றும், பள்ளம் வைத்திருப்பதற்கு அனுமதி வாங்கவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாத்தையும் தூக்கித் தெருவுல வச்சிட்டு வீட்டை வித்துடலாம்மா" என்றார் கணவர். பாப்பாவுக்கும் அதுதான் நியாயமாகப்பட்டது. தன்னிடமிருந்து அம்மாவைப் பிடுங்கிக்கொண்டவை இவைதானே? முதலில் நாற்ற டப்பாவை எடுத்துக்கொண்டு தையல்காரர் தெருவுக்குப் போனாள். தையல்காரர் வாசலில் மிஷினைப் போட்டு, ஒரு குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா பாப்பா. உங்க அம்மா புண்ணியத்துல வாசல்ல உக்காந்து வேலை பாக்கறேன்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தாள். வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். வாயில்தான் திட்டு வந்தது. கண்ணில் வேறு வந்தது.

வேறு வழியில்லாமல் தானே இறங்கினாள். டப்பாவில் கிருமிநாசினியை ஊற்றி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். ஒரு வாரத்தில் அதில் சர்க்கரை போட முடிந்தது. கணவரும் அவளும் ஜல்லி வாங்கி வந்து பள்ளத்தில் கொட்டி மிதித்தார்கள். அது ஆழமான பள்ளம்; ஜல்லி மேலே வரும் முன் அப்பாவின் பழைய செருப்பு ஒன்றும் இரண்டு பந்தும் கிடைத்தன. தெருவிளக்குக்கு ஏணி போட்டு ஏறினாள். இருட்டா வெளிச்சமா என்று பார்த்துச் சொல்கிற சின்னக் கண்ணாடி ஒன்று அதன் தலையில் இருந்தது. முழுக்கப் புறா எச்சம். கண்ணாடிக்கடைக்காரி ஆயிற்றே, மெல்லிய துணியால் துடைத்தாள். விளக்கு சட்டென்று அணைந்தது. "இவ்வளவு நாளும் இதுக்குப் பார்வைக் கோளாறுதாங்க" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்தவரிடம் சொன்னாள்.

மிஞ்சியது படிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஹாரன் உச்சத்தில் இருந்தபோது நடுப்படியில் போய் நின்றாள். மேலிருந்து வருபவர் விடவில்லை, கீழிருந்து வருபவர் விடவில்லை. எல்லோருக்கும் அவசரம். அவளுக்கும் அவசரம்தான், சின்ன வயதிலிருந்து அவசரம். ஏதோ தோன்றி, ஒரு படி பின்னால் இறங்கிச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, "நீங்க போங்க" என்றாள். ஹாரன் ஒன்று நின்றது. "நீங்களும் போங்க. எல்லாரும் போயிடுங்க, நான் கடைசியா வரேன்." ஒவ்வொன்றாக அவள் புடவையை உரசிக்கொண்டு காற்று போயிற்று. நன்றி சொல்கிற மாதிரி ஒரு ஆட்டோ சின்னதாக ஹாரன் அடித்தது. பிறகு, அந்த வீட்டில் அவள் கேட்டேயிராத ஒன்று கேட்டது: கடிகாரச் சத்தம்.

கீழே வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வழுக்கவில்லை. மடியில் கைப்பை இல்லை.

"வா பாப்பா. உன் முறை வந்துடுச்சு" என்றாள்.

பாப்பா பள்ளம் இருந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்து வந்தாள், பழக்கம் விடவில்லை. "இப்ப வந்து நிக்கற? நான் மரமா நின்னதெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா" என்றாள்.

"சரி, இப்ப நில்லு, பாக்கறேன்."

கணவர் கதவோரம் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பதைத் தாண்டிய அந்தக் கண்ணாடிக்கடைக்காரி ஹால் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்டுரல்காரர் ஜன்னலுக்கு வந்து, "அம்மா, அந்த விஷயம்..." என்று தொடங்கினார். அம்மாவின் கை தன்னால் எழுந்தது. மரத்தின் ஒரு கிளை லேசாக நடுங்கியது. அம்மா எழுந்த கையால் ஜன்னல் கதவைப் பிடித்து, "கவுண்டர் மூடியாச்சு தம்பி, நாளைக்கு ஆபீஸ்ல போய்ப் பாருங்க" என்று சாத்தினாள். இறந்தவள் பேசினாளே என்று ஆட்டுரல்காரர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இவ்வளவு சீக்கிரம் மூடிவிட்டார்களே என்றுதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

வீடு விற்கப்படவில்லை. அம்மா நாள் முழுக்க ஜன்னலோரம் இருக்கிறாள். மாப்பிள்ளையின் மெத்தை எதுவும் சரியில்லை என்கிறாள். ஒருநாள் பாப்பா கடையில் கூட்டம் என்று தாமதமாக வந்தபோது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்க பொண்ணு வீட்ல இருக்கறதே இல்ல" என்றாள், சுவரிடம்.

"பதிவாயிடுச்சும்மா, வரிசைப்படிதான் வரும்" என்றாள் பாப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கண்ணாடிக்கடை நாலு மணிக்கே மூடுகிறது. அந்த ஊரில் ஒரு புகார் கைப்பைக்குள் போகாமலே ஒரே வாரத்தில் தீர்ந்தது அதுதான் முதல் தடவை.