கேரண்டி மச்சானை இழுப்பதா, விடுவதா

நானும் என் மனைவியும் நண்டுக்கூண்டுகளைத் தூக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாறைத்திட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு படகு எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு சும்மா மிதந்தது. அதில் ஒருவர் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். தொப்பையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் மச்சான்தான்.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் படகுத்துறையில் எல்லாருடைய எஞ்சினையும் பிரித்து மாட்டுகிறவர். எதை மாட்டினாலும் "கேரண்டி" என்பார், கடைசியில் பெயரே அதுவாகிவிட்டது. புகை கக்குகிறது என்று நான் கொடுத்த எஞ்சினை இருபத்திரண்டு நாள் பட்டறையில் போட்டிருந்தார். அத்தனை நாளும் நான் கரையில் ஈ ஓட்டினேன். என் மனைவியோ தினமும் அண்ணனுக்குப் பட்டறைக்கே சோறு கொண்டுபோனாள். நேற்றுத்தான் எஞ்சின் கைக்கு வந்தது, ஏகப்பட்ட கண்டிஷனோடு. நான் வாங்கிக் கொடுத்த புது பிஸ்டனை மாட்டியாயிற்று, முதல் இருபது மணி நேரம் பாதி வேகத்தைத் தாண்டக் கூடாது, பாரம் இழுக்கவே கூடாது. இழுத்தால் பிஸ்டன் இறுகிவிடும், அப்புறம் எஞ்சினைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

எங்களுக்கு இருப்பது அந்த ஒரே எஞ்சின். அது போனால் வீட்டில் உலை கொதிக்காது.

"மாப்ளே, கயிறு போடு! காத்து பாறைப் பக்கமா தள்ளுது!"

"எப்படி மச்சான்? பாரம் இழுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் பாரமா?"

அவரை மேலும் கீழும் பார்த்தேன். மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டேன்.

"என்னங்க யோசனை? அது எங்க அண்ணன்!" என்றாள் மனைவி.

"உங்க அண்ணன்தான் இழுக்காதேன்னார்."

"அவரையே இழுக்காதேன்னா சொன்னாரு?"

படகை விட்டுவிட்டு ஆள் மட்டும் எங்களோடு ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மச்சான் தன் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நங்கூரம் போடச் சொன்னேன். அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்களாம். பாறையில் அலை உடைந்து நுரை தெறிப்பது இங்கிருந்தே தெரிந்தது. கயிற்றை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். எனக்குப் பயம்தான், அதைச் சொல்ல என்ன வெட்கம்?

"இழு மாப்ளே! ஒண்ணும் ஆகாது! உன் எஞ்சின்ல இருக்கிறது பழைய பிஸ்டன்தான்!"

கயிற்றோடு எழுந்து நின்றேன்.

"அப்ப புதுசு எங்க?" என்றேன்.

மச்சான் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியாகத் தன் எஞ்சினைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாடல் எஞ்சின்தானே. கரியைச் சுரண்டினதும் உன்னுது நல்லாத்தான் ஓடிச்சு. அதான் புதுசை இதுல மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு ஒரு ஆசையில முழு வேகத்துல ஓட்டிட்டேன். இறுகிப்போச்சு."

"எத்தனை மணி நேரம் ஓடிச்சு?"

"முக்கால்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மனைவி என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள். கீழே போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் குறி பார்த்து அண்ணன் மடியில் விழும்படி வீசினாள்.

"இறுக்கிக் கட்டுங்க," என்றாள். பிறகு என்னிடம், "எஞ்சினை முழுசா முறுக்குங்க."

முறுக்கினேன். பழைய பிஸ்டன் ராஜா மாதிரி இழுத்தது. பாறைத்திட்டு பின்னால் போனது.

"மாப்ளே, பட்டறை அந்தப் பக்கம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நம்ம வீட்டுக்குத்தான் போறோம்," என்றாள் அவள், திரும்பாமலே. "அண்ணன் நமக்கு ஒரு புது பிஸ்டன் கொண்டாந்து குடுத்துட்டுப் படகை அவுத்துக்கிட்டுப் போகட்டும்."

அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நாமளே குடுத்திருப்போமே," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் கொடுத்திருக்க மாட்டேன். அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?