கடைசிக் குடத்துக்குப் பின்னால்

மட்டாஞ்சேரியில் அரிசிக் கிட்டங்கிச் சந்துக்கு யார் யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துகொள்ள சரித்திரப் புத்தகம் எதுவும் புரட்ட வேண்டாம். தண்ணீர் லாரி வருகிற நாளில் சந்து முனையில் போய் நின்றால் போதும். முதலில் கொங்கணிக்காரர்களின் பித்தளைக் குடங்கள். அடுத்து குஜராத்திகளுடையவை, வாயில் வெள்ளைத் துணி கட்டியவை. வடிகட்டாத தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் நுழையாது. பிறகு பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த தமிழ்ப் பிராமணர்களின் எவர்சில்வர். நாலாவதாகத்தான் மலையாளிகள். நாடு அவர்களுடையதுதான், ஆனால் அந்தச் சந்துக்கு வந்தது பிந்தித்தானே! எல்லாருக்கும் பின்னால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சங்கரியின் இரண்டு பச்சைப் பிளாஸ்டிக் குடங்கள்.

முந்தி வந்தவருக்கு முதல் தண்ணீர். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. காலையிலேயே காலிக் குடத்தை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். ஹார்ன் சத்தம் கேட்டதும் ஓடிவந்தால் சரி. எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கும், கடைசியில் நிற்பவரைத் தவிர. கடைசிக் குடத்துக்கு லாரியின் அடிவயிற்றுத் துருத் தண்ணீர் வந்தாலும் வரும், வெறும் காற்று வந்தாலும் வரும்.

சங்கரி இசக்கிதுரையைக் கட்டிக்கொண்டு வந்தபோது கடைசி. மகள் மகா பிறந்தபோதும் கடைசி. அந்த மகா இப்போது பிளஸ் டூ படிக்கிறாள், தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து மலையாளத்தைக் கடகடவென்று எழுதுகிறாள். இன்னும் குடம் மட்டும் நகரவில்லை. வந்த புதிதில் ஒரு தடவை, ஜெயலக்ஷ்மி மாமி தமிழ் பேசுகிறாரே, நம்ம மனுஷிதானே என்று அவருடைய குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"பாஷை ஒண்ணுன்னா குடமும் ஒட்டிண்டு நிக்கணுமா? நாங்க இங்க வந்து எத்தனை தலைமுறையாச்சு, கேட்டியா?" என்றார் மாமி, சிரித்துக்கொண்டேதான். சங்கரியும் சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்து வந்தாள். அன்று வீட்டுக்குப் போய் அழுதாள்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும்? போன வருஷம் மூடிக்கிடந்த மிளகு கிட்டங்கியின் மாடிக்கு ஒரு வங்காளக் குடும்பம் வந்து சேர்ந்தது. முர்ஷிதாபாத்துக்காரர்கள். புருஷன் கட்டட வேலைக்குப் போவான். பெண்டாட்டி பெயர் ஜஹானாரா. இடுப்பில் நடை பழகாத ஒரு பிள்ளை. கையில் பெயிண்ட் வந்த ஒரு சிவப்பு வாளி.

அந்த வாளியைப் பார்த்ததும் சங்கரிக்கு உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்? அவளே போய் ஜஹானாராவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் பச்சைக் குடங்களுக்குப் பின்னால் இருந்த தரையைக் காட்டி, "இங்க. எப்பவும் இங்கதான், கேட்டோ?" என்று சொல்லிக் கொடுத்தாள். ஜஹானாரா தலையாட்டினாள். சங்கரி கெட்டவள் இல்லை. இசக்கிதுரையின் காய்கறி வண்டியில் மிச்சம் வந்த முருங்கைக்காயையும் கீரையையும் மாடிக்குக் கொடுத்து அனுப்புவாள். பிள்ளையை வாங்கிக் கொஞ்சுவாள். ஆனால் கீரை வேறு, வரிசை வேறு.

இந்தக் கோடையில் எங்கேயோ பெரிய பைப் உடைந்து குழாய்கள் எல்லாம் காய்ந்துபோயின. லாரியும் நினைத்தபோதுதான் வந்தது. அப்படி ஒரு நாள் காலையில் சங்கரி தோப்பும்படி மார்க்கெட்டிலிருந்து புருஷனோடு காய் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது, சந்து முனையைப் பார்த்ததும் காய்க்கூடையை இறக்கி வைத்தாள். வத்சலா பாயின் பித்தளைக் குடத்துக்கு அடுத்து, குஜராத்திகளுக்கும் முன்னால், ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது அந்தச் சிவப்பு வாளி.

சுற்றிலும் ஆள் இல்லை. வத்சலா பாய் கொங்கணிக்காரர்களில் மூத்தவர். பூனை உரசினாலே குடத்தைப் புளிபோட்டு மூன்று தரம் தேய்க்கிறவர். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அவர் விரல் நுனியால் தொட்டதை அந்தச் சந்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆகவே அவர் வைத்திருக்க முடியாது. குஜராத்திகள் தங்களுக்கு முன்னால் இன்னொருத்தரை வைப்பார்களா? அப்படியானால் அந்தப் பெண்ணேதான் வைத்திருக்க வேண்டும். நேற்று வந்தவளுக்கு எவ்வளவு துணிச்சல்!

சங்கரி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், தன் குடங்களுக்குப் பின்னால் நங்கென்று வைத்தாள்.

"நன்னாப் பண்ணினே. இவாளுக்கெல்லாம் இடம் குடுத்தா தலையிலே ஏறிடுவா" என்று ஜன்னலிலிருந்து ஜெயலக்ஷ்மி மாமியின் குரல் வந்தது. அத்தனை வருஷத்தில் மாமி சங்கரியைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சங்கரிக்கு உள்ளே குளிர்ந்தது.

லாரி வந்தது. ஜஹானாரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஓடிவந்தாள். நேரே முன்பக்கம் போனாள், வாளியைக் காணாமல் திகைத்தாள், கடைசியில் கண்டுபிடித்தாள். சங்கரியிடம் வந்து தன் பாஷையில் என்னென்னவோ சொன்னாள். வத்சலா பாயின் வீட்டுக் கதவைக் காட்டினாள். பிள்ளையின் வாயைக் காட்டினாள். பிள்ளை துவண்டு கிடந்தது. அந்தக் கதவும் பூட்டிக் கிடந்தது. பாய் கோவிலுக்குப் போயிருந்தார், அவருடைய குடத்தை எடுக்க வந்த மகனுக்கு ஒன்றும் தெரியாது.

"பிள்ளைக்கு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்குன்னு வரிசைய மாத்துவியா?" என்றாள் சங்கரி. அதில் பாதி ஜஹானாராவுக்குப் புரிந்திருக்காது.

ரப்பர் குழாய் ஒவ்வொரு குடமாக வந்தது. பச்சைக் குடம் ஒன்று நிறைந்தது. இரண்டாவது கழுத்து வரை வந்தபோது லாரி கொரகொரவென்று சத்தம் போட்டு நின்றது. டிரைவர் கையை விரித்தான். சிவப்பு வாளியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒரு குடத்தை அதில் சாய்த்துவிடலாம் என்ற நினைப்பு சங்கரிக்கு வரத்தான் செய்தது. கூடவே, மகா தலைக்குக் குளிக்க வேண்டும், அரிசி களைய வேண்டும் என்ற நினைப்பும் வந்தது. இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கும் முன்னால் வந்து வைப்பாள் என்ற நினைப்பு எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். ஜஹானாரா கிட்டங்கிக்குப் பின்னால் பாசி பிடித்துக் கிடந்த உப்புக் கிணற்றுப் பக்கம் வாளியோடு போனதை மகா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். யாரும் துணி துவைக்கக்கூட அந்தக் கிணற்றைத் தொடுவதில்லை.

மத்தியானம் வத்சலா பாய் சங்கரியின் வாசலில் வந்து நின்றார். அதுவரை அந்தப் படிக்கு வராதவர்.

"சங்கரி, ஆ சுவப்பு பக்கெட்டு ஆரா மாற்றியது?"

"நான்தான் சேச்சி. அவ முன்னால கொண்டுவந்து வச்சிருந்தா."

"அவளல்ல. ஞானா வெச்சது. கொச்சினு ராத்திரி முதல் சர்தியாணு. வெள்ளம் கொடுத்துக்கொண்டே இரிக்கணும்னு டாக்டர் பறஞ்ஞு."

பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து வாந்தி. டாக்டர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்காக வத்சலா பாய் தன் கையாலேயே வாளியைத் தூக்கித் தன் குடத்துக்கு அடுத்து வைத்திருக்கிறார்.

"நீங்களா? நீங்க... தொட மாட்டீங்களே சேச்சி."

"கொச்சல்லே, சங்கரி" என்றார் பாய். குழந்தையல்லவா. சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

சங்கரி கழுத்தளவு நிறைந்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாடிக் கதவு பூட்டியிருந்தது. பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கீழே இருந்தவர்கள் சொன்னார்கள். குடத்தைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டும் வரை யாரும் வரவில்லை.

மறுநாள் பிள்ளை இறந்துவிட்டது. உடம்பில் நீர் வற்றிப்போய்விட்டது என்றார்களாம். கிணற்றுத் தண்ணீர் கெடுத்ததா, தண்ணீர் இல்லாமல் போனதா, எதுவுமில்லாமலே போயிருக்குமா, அது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். பள்ளிவாசல்காரர்கள் வந்து எடுத்துப் போய் அடக்கினார்கள்.

சங்கரியை யாராவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. "கண்ட தண்ணியையும் குடிக்கிற ஜாதி" என்றார்கள். "நீ என்னடி பண்ணுவே, முறைன்னா முறைதானே" என்று மாமி முதுகைத் தடவினார். சாயா குடித்துக்கொண்டு பேசின ஆண்களும் அதையே சொன்னார்கள். இசக்கிதுரை மட்டும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"ஏட்டி, நீ கொல்லல. அது எனக்குத் தெரியும்" என்றான். "ஆனா நம்ம கொடத்துல தண்ணி இருந்துச்சுல்லா?"

இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அந்தச் சோறு வெந்தது.

அடுத்து லாரி வந்த நாளில் ஜஹானாரா வந்தாள். முகம் சுருங்கி, இடுப்பு வெறுமையாக. பச்சைக் குடங்களுக்குப் பின்னால் வாளியை வைத்தாள். சங்கரி அதை எடுத்துக்கொண்டுபோய் வத்சலா பாயின் பித்தளைக் குடத்துக்கு அடுத்து வைத்தாள். குஜராத்திப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சங்கரி, என்ன பண்றே நீ? உன் இஷ்டமா இது?" என்று மாமி குரலை உயர்த்தினார்.

"ஆமா மாமி. என் இஷ்டந்தான்" என்றாள் சங்கரி.

ஜஹானாரா யாரையும் பார்க்காமல் வந்து வாளியை எடுத்தாள். பழையபடி கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். சங்கரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னால வை தாயி. என் எடத்துலயாவது வை. ஒனக்குப் பெறகு நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஜஹானாரா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. இந்த ஊரில் கற்றுக்கொண்ட கொஞ்சம் வார்த்தைகளைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"இப்போ கொறச்சு மதி, சேச்சி."

இப்போது கொஞ்சம் போதும்.

குழாய் வரிசையாக வந்தது. அன்றைக்குத் தண்ணீர் கடைசி வரை வந்தது. வாளி பாதி நிறைந்ததும் ஜஹானாரா டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். அவன் நம்பாமல், இன்னும் இருக்கிறது, பிடித்துக்கொள் என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு அரை வாளித் தண்ணீரோடு மாடிப்படி ஏறினாள். சங்கரி நிறைந்த குடத்தைத் தூக்கப் பார்த்தாள், கை வரவில்லை. எல்லாரும் பார்க்க, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.