நடந்தே படித்தவள்

பள்ளி திறக்க இரண்டே நாள் இருக்கும்போது நிர்வாகக் குழு கூடியது. குழுவில் அவள்தான் வயதில் சிறியவள். கால்வாய்க்கரைத் தெருவிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், முன்னாள் மாணவி என்று சொல்லி அவளைச் சேர்த்திருந்தார்கள். கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தாள்.

"நம்ம தெருவுக்கு வர்ற வேனை நிறுத்தப் போறாங்களாம். லாரி பறக்கிற ரோட்டுல பிள்ளைங்க நடக்க முடியுமா? அங்க நம்ம ஆளுன்னு நீ ஒருத்திதான். விட்டுடாதே."

"மேஜையைத் தட்டிட்டு வர்றேன் அண்ணி, பாருங்க."

தட்டுவதற்கு அவசியமே வரவில்லை. தலைவர் இரும்புக்கடைக்காரர், ஆளை எடை போடத் தெரிந்தவர். டீசல், டிரைவர், ரிப்பேர் என்று ஆரம்பித்தவர் சட்டென்று அவள் பக்கம் கையை நீட்டினார்.

"இதோ, இவங்களும் அதே தெருதான். அப்போ வேனா வந்துச்சு? நடந்தே வந்து படிச்சாங்க. இன்னிக்கு நமக்கே புத்தி சொல்ற இடத்துல உக்காந்திருக்காங்க. என்னம்மா, சரிதானே?"

எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடந்தே படித்த அந்தக் கதை அவளே கல்லூரி மேடையில் அளந்துவிட்டதுதான். எங்கெங்கோ சுற்றி இவர் காதுக்கும் வந்திருக்கிறது.

"ஆமா சார். நடந்துதான் படிச்சேன்."

அத்தோடு வேன் போயிற்று.

உண்மையில் அவள் ஒரு நாள்கூட நடந்ததில்லை. படிப்பைப் பாதியில் விட்டு மில்லுக்குப் போன அண்ணன், வேலைக்குப் போகிற வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு, மழையிலும் அவளைச் சைக்கிளில் வைத்து மிதித்தான். இப்போது அவனுக்கு விடியற்கால ஷிப்ட். அண்ணியோ இருட்டோடு ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்கப் போய்விடுவாள். தங்கைக்கோ வெளியூரில் வேலை, விடிந்ததும் பஸ். மகளைக் கொண்டுபோய் விட ஆள் கிடையாது.

"நிறுத்திட்டாங்க," என்றாள் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நீ என்ன சொன்னே?" அண்ணி விடவில்லை.

மென்று விழுங்கிச் சொன்னாள். அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மகளின் புத்தகப்பை வாரைத் தைத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமலே மகளிடம் சொன்னான்.

"கேட்டியாடி வாயாடி? அத்தை நடந்தே போய்ப் படிச்சா. நீயும் போவே."

கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வாயாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லாரி வந்தா எந்தப் பக்கம் ஒதுங்குவீங்க அத்தை? அங்க ஓரமே இல்லையே."

அவள் எழுந்துபோகப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை."

"தெரியாதுடி. நான் நடக்கவே இல்ல. உங்கப்பா முதுகைப் பாத்துக்கிட்டே போனேன்."

"சும்மா சொல்றா," என்றான் அண்ணன் அவசரமாக.

"அங்க சொல்ல வேண்டியதை இங்க வந்து சொல்றா," என்றாள் அண்ணி. "போனைப் போடு. நான் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டாள். "சார், நான் நடந்து படிக்கல. எங்கண்ணன் சைக்கிள்ல..."

தலைவர் சிரித்தார். "அட, அதனால என்னம்மா! சரியான நேரத்துல எடுத்துக் குடுத்தீங்க. உங்க பேச்சுக்கு அப்புறம் ஒருத்தர் வாய் திறக்கலையே."

"திரும்பக் கூட்டத்தைக் கூட்டுங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"என்னன்னு? பொய் சொன்னேன்னா?"

அண்ணன் வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டினான். இவ்வளவுக்குப் பிறகும் தங்கை மானம்தான் பெரிதாகப் பட்டது அவனுக்கு.

"ஆமா சார். அப்படியேதான் சொல்வேன்."

சிரிப்பு நின்றது. "அடுத்த கூட்டம் அடுத்த மாசம்தான்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அதுவரைக்கும் லாரிக்காரன் காத்திருப்பானா?" என்று கேட்டாள் அண்ணி.