தொப்புள்கொடி ரத்தம்

பிறந்த என் பிள்ளையின் தொப்புள்கொடியிலிருந்து டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள் என்றதும், மாமியார் அம்சவல்லி என் கட்டிலருகிலேயே நர்ஸை மடக்கினார்.

“ஏம்மா, அதுல அப்பன் யாருன்னு தெரிஞ்சிருமா?”

மகன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து மாதத்தை விரல்விட்டு எண்ணுகிற பொம்பளை வேறென்ன கேட்கும்!

“அதுக்கில்லைங்க. வயித்துக்குள்ள பிள்ளைக்கு மூச்சு சரியாக் கிடைச்சுதான்னு பார்க்கிறது,” என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா டெஸ்ட் ரிசல்ட் சீட்டோடு வந்தார். “பிள்ளை ரொம்ப நேரம் மூச்சுக்குத் திணறியிருக்கு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். பனிக்குடம் உடைஞ்சதுமே ஏன் கூட்டிட்டு வரலை? யாரு நிறுத்தி வச்சது?”

பூதலூரில் வீட்டு வாசலில் கார் நிற்க, ராகுகாலம் கழியட்டும் என்று ஒன்றரை மணிநேரம் என்னை நாற்காலியில் உட்கார வைத்த அதே பொம்பளை தரையைப் பார்த்தது.

“பாருங்கத்தை,” என்றேன். “யாருன்னு ரத்தத்துல தெரிஞ்சிருச்சு.”